4ஜி சிம் வழியாக பிஎல்சி புரோகிராம் மாற்றுவது: புதிதாக இறங்குபவர்களுக்கு

ஒரு மெஷினின் பிஎல்சியில் (மெஷினை ஓட்டும் சின்னக் கணினி) ஒரு டைமரை 8 விநாடியிலிருந்து 12 விநாடியாக மாற்றுவதற்காகக் கடலூர் செம்மண்டலத்திலிருந்து சேதராப்பட்டு வரை பைக்கில் போயிருக்கிறேன். கிருமாம்பாக்கம் தாண்டும்வரை பரவாயில்லை, அரியாங்குப்பம் பாலத்தில் ஒரு நெரிசல், முருங்கப்பாக்கத்தில் இன்னொன்று, அப்புறம் புதுச்சேரி ஊரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போக வேண்டும். வேலை என்னவோ மூன்று நிமிடம்தான். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் போன்: "சார், 12 கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, 10 வெச்சுக்கலாமா?"

அன்றைக்குத்தான் இனி இதை வீட்டிலிருந்தே செய்வது என்று முடிவெடுத்தேன். செய்து முடிக்க மூன்று மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் எனக்கு வரிசை தெரியாததால் வீணானது: ரூட்டர் வாங்கிய பிறகு சிக்னல் பார்த்தேன், சிம் வாங்கிய பிறகு அதற்கு வெளியிலிருந்து வழியே கிடையாது என்று தெரிந்துகொண்டேன். நீங்கள் நேர்வரிசையில் போங்கள். பிஎல்சிக்கு லேடர் புரோகிராம் எழுதத் தெரியும், பேனல் ஒயரிங் தெரியும், ஆனால் நெட்வொர்க் என்றால் கொஞ்சம் பயம் என்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டம்தான்.

1. முதலில் பேனலைத் திறந்து நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்

பிஎல்சி எந்த மாடல், அதில் ஈதர்நெட் போர்ட் இருக்கிறதா, ஐபி முகவரி என்ன, மூல புரோகிராம் யாரிடம் இருக்கிறது. இந்த நான்கும் தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

மூல புரோகிராம்தான் பெரிய கண்ணி. "அதான் பிஎல்சி உள்ளயே இருக்கே, அப்லோடு பண்ணிக்கலாம்" என்பார்கள். பல சிறிய பிஎல்சிகளில் அப்லோடு (பிஎல்சியிலிருந்து லேப்டாப்புக்கு எடுப்பது) செய்தால் கமென்ட், பெயர் எதுவும் வராது. எம்37 என்பது எந்த லிமிட் ஸ்விட்சின் நினைவு என்று நீங்களே மோப்பம் பிடிக்க வேண்டும். நேரில் நின்று செய்யும்போது மோட்டாரை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம், வீட்டில் உட்கார்ந்து முடியாது. மெஷின் செய்தவரிடம் மூலக் கோப்பும் பாஸ்வேர்டும் கேளுங்கள், தரவில்லை என்றால் அந்த மெஷினைத் தொலைவிலிருந்து தொடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பழைய டெல்டா டிவிபி, மிட்சுபிஷி எஃப்எக்ஸ் மாதிரி சீரியல் போர்ட் மட்டும் உள்ளவை என்றால் நடுவில் ஒரு சீரியல்-ஈதர்நெட் கன்வெர்ட்டர் போட்டு லேப்டாப்பில் பொய் காம் போர்ட் ஒன்று உருவாக்க வேண்டும். வேலை செய்யும், ஆனால் மெதுவாக. டிவிபியின் ஆரம்ப அமைப்பு 9600, 7, ஈவன், 1 (வேகம், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட்) என்பதை கன்வெர்ட்டரிலும் அப்படியே வையுங்கள். 8, நன் (பாரிட்டி இல்லை) என்று விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கத் தேடியவன் நான். மென்பொருளில் டைம்-அவுட்டை 3 விநாடியாவது ஆக்குங்கள். முதல் முயற்சிக்கு ஈதர்நெட் உள்ள பிஎல்சியாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

2. வாங்குவதற்கு முன் சிக்னல் பாருங்கள்

போனில் நான்கு கோடு தெரிகிறது என்பது கணக்கே இல்லை. சிக்னல் அளவைக் காட்டும் ஏதாவது ஒரு இலவச ஆப்பைப் போட்டு ஆர்எஸ்ஆர்பி (4ஜி சிக்னலின் பலம்) எண்ணைப் பாருங்கள். மைனஸ் 90 டிபிஎம் அல்லது அதைவிட நல்லது என்றால் கவலையில்லை. மைனஸ் 100 பக்கம் என்றால் வெளியே ஆன்டெனா கட்டாயம். மைனஸ் 110-ஐத் தாண்டினால் வேறு கம்பெனி சிம்மைப் பாருங்கள். பேனல் இருக்கும் இடத்திலேயே நின்று, ஷெட்டின் ஷட்டரை மூடிவிட்டுப் பாருங்கள், ஏனென்றால் ராத்திரி ஷிப்டில் ஷட்டர் மூடித்தான் இருக்கும். தகர ஷீட் ஷெட்டுக்குள் போனால் எண் எப்படி விழுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

இரண்டு மூன்று கம்பெனி சிம்மையும் போட்டுப் பாருங்கள். சேதராப்பட்டில் எனக்கு நன்றாக எடுத்தது பாகூர் பக்கம் ஒரு வயலோர ஷெட்டில் சுத்தமாக எடுக்கவில்லை. எல்லா ஊருக்கும் ஒரே சிம் என்று மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள்.

3. சிம்: அதிக நாள் எடுப்பது இதுதான்

முதல் தவறு, என் சொந்தப் பெயரில் ஒரு பிரீபெய்டு சிம் வாங்கி ரூட்டரில் போட்டது. ஒரு மாதம் ஜம்மென்று ஓடியது. அப்புறம் ஒரு நாள் இணைப்பே இல்லை. ரூட்டர், ஆன்டெனா, சர்வர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக் கடைசியில் நேரில் போய் சிம்மைக் கழற்றி என் போனில் போட்டால், வரிசையாக ஏழெட்டு மெசேஜ்: உங்கள் பேக் நாளையுடன் முடிகிறது, இன்றுடன் முடிகிறது, முடிந்தது. ரீசார்ஜ் மெசேஜ் எல்லாம் ரூட்டருக்குள் இருக்கும் எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது, ரூட்டர் அதைப் படித்து என்ன செய்யும்?

ஆகவே நிறுவனத்தின் பெயரில் போஸ்ட்பெய்டு அல்லது எம்2எம் சிம் எடுங்கள். எம்2எம் சிம்முக்கு 13 இலக்க எண் வரும், பேசுவதற்கு ஆகாது, மெஷினுக்கு மட்டும். யார் நிறுவனம் என்று கேட்டால், உங்களுடையது வேண்டாம், மெஷின் வைத்திருக்கும் வாடிக்கையாளருடையது. நாளைக்கு உங்களுக்கும் அவருக்கும் ஒத்துவராமல் போனால் சிம் அவரோடு போகட்டும், பில்லும் அவருக்கே போகட்டும்.

என்னிடம் கேட்ட ஆவணங்கள்: ஜிஎஸ்டி பதிவுச் சான்று, நிறுவன பான் கார்டு, முகவரிச் சான்று, லெட்டர்ஹெட்டில் அதிகாரமளிப்புக் கடிதம், கையெழுத்துப் போடுபவரின் ஆதார். எல்லாவற்றிலும் நிறுவனப் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் கேஸில் பான் கார்டில் "அன்ட்" என்றும் ஜிஎஸ்டியில் அதற்குப் பதில் குறியும் இருந்தது, விண்ணப்பம் திரும்பி வந்தது. இப்போது எல்லாம் டிஜிட்டல் முறை என்பதால் கையெழுத்துப் போடுபவரே நேரில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாளி சென்னையில் இருந்தார், அதில் ஒரு வாரம் போனது. மேனேஜர் பெயரில் கடிதம் வாங்கியிருந்தால் அந்த வாரம் மிச்சம்.

தமிழ்நாடு-புதுச்சேரி எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொழில் செய்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். கடலூர் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், புதுச்சேரி நிறுவனத்துடையது 34. பில் முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும்படி விண்ணப்பியுங்கள், இல்லாவிட்டால் வரிக் கணக்கு பார்ப்பவர் உங்களைத்தான் திட்டுவார். சிம் வேலை செய்வதில் எந்தப் பிரச்சினையும் வராது, போன் கம்பெனிகளுக்குப் புதுச்சேரியும் தமிழ்நாடு வட்டத்தில்தான் வருகிறது. கடலூர் விண்ணப்பத்தில் வாங்கிய சிம் சேதராப்பட்டில் ரோமிங் இல்லாமல் ஓடும்.

காலம்: எனக்குக் கடிதம் கொடுத்த நாளிலிருந்து சிம் கைக்கு வர 16 நாள். நிலையான பொது ஐபி வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அதைவிட அதிக நாள், அதிகப் பணம். அது உங்களுக்குத் தேவையே இல்லை, ஏன் என்று 5-ல் சொல்கிறேன்.

டேட்டா எவ்வளவு வேண்டும்? பயப்படாதீர்கள். சும்மா இணைந்து கிடப்பதற்கு, 25 விநாடிக்கு ஒரு சின்னப் பொட்டலம் வீதம், மாதம் 15 எம்பிகூட ஆகாது. பிஎல்சி புரோகிராம் டவுன்லோடு (லேப்டாப்பிலிருந்து பிஎல்சிக்கு இறக்குவது) என்பது சில எம்பி. எச்எம்ஐ (ஆபரேட்டர் பார்த்து இயக்கும் திரைக் கருவி) திரைகளை ஏற்றினால்தான் பத்து இருபது எம்பி போகும். மாதம் 1 ஜிபி தாராளம். ஆனால் அந்த ரூட்டரின் வைஃபையை அணைத்துவிடுங்கள். நான் அணைக்கவில்லை, ராத்திரி ஷிப்டுக்காரர்கள் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து ஐபிஎல் பார்த்தார்கள். ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் படிப்பதற்குப் பெயர் கண்டுபிடிப்பு என்றால்.

4. ரூட்டரும் மற்ற சாமானும்

கடையில் கிடைக்கும் 2,500 ரூபாய் பாக்கெட் வைஃபை வேண்டாம். அதன் பேட்டரி பேனல் சூட்டில் உப்பிவிடும், கரன்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகாது. 24 வோல்ட் டிசியில் ஓடும், டின் ரெயிலில் மாட்டக்கூடிய, விபிஎன் (இணையத்துக்குள்ளே பூட்டிய தனிப் பாதை) உள்ளே இருக்கும் தொழிற்சாலை ரக 4ஜி ரூட்டர்தான் சரி. டெல்டோனிகா, ரோபஸ்டெல் என்று பல உண்டு. ஈவோன் மாதிரி உள்ளவை தங்கள் சொந்த கிளவுடு சேவையோடு வரும், விலை கூட, ஆனால் 5-ஆம் படியின் தலைவலி பெரும்பாலும் மிச்சம். பணம் இருந்து பொறுமை இல்லாதவர்கள் தாராளமாக அந்த வழியில் போகலாம்.

வாங்கும்போது பேண்டை (அலைவரிசை எண்) பாருங்கள். இங்கே 4ஜிக்கு அதிகம் புழங்குபவை பேண்டு 1, 3, 5, 8, 40. ஆன்லைனில் மலிவாக வரும் பல அமெரிக்க மாடல்களில் 3-உம் 40-உம் இருக்காது, பெட்டி மட்டும் அழகாக இருக்கும். அதே மாதிரி "3ஜி" என்று மட்டும் போட்ட பழைய ரூட்டரை யாராவது பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டும் கிடையாது, ஏர்டெலும் 3ஜியை நிறுத்திவிட்டது.

என் முதல் தளத்தின் கணக்கு: ரூட்டர் 14,000, அதற்கு 18% ஜிஎஸ்டி சேர்த்து 16,520. வெளி ஆன்டெனா 1,100. கிளாண்ட், ஃபியூஸ் டெர்மினல், லேன் கேபிள், ஒரு சாவி ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து 900. ஆக 18,520 ரூபாய். இது போக மாதா மாதம் சிம்முக்கும் சர்வருக்கும் சேர்த்து 750 பக்கம். நான்கு தடவை பைக் பெட்ரோலும் நான்கு அரை நாளும் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

5. பாதை: ரூட்டர் வெளியே வரட்டும்

எல்லோரும் முதலில் நினைப்பது, ரூட்டரின் ஐபியை லேப்டாப்பில் அடித்தால் உள்ளே போய்விடலாம் என்று. ரூட்டரின் முகப்புப் பக்கத்தில் சிம்முக்குக் கிடைத்த ஐபியைப் பாருங்கள். 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணிலோ தொடங்கினால் அது போன் கம்பெனியின் உள் முகவரி. ஒரே கேட் உள்ள பெரிய காம்பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குடியிருப்பவர் எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம், ஆனால் வெளியிலிருந்து வரும் தபால்காரருக்கு கேட் மட்டும்தான் தெரியும், வீடு தெரியாது. இங்கே சாதாரண சிம்மில் கிட்டத்தட்ட எப்போதும் இதுதான் நிலைமை.

நிலையான பொது ஐபி வாங்கி, போர்ட் ஃபார்வர்டு போட்டு, 502-ஐயோ 102-ஐயோ (பிஎல்சிகள் பேசும் போர்ட் எண்கள்) நேராக பிஎல்சிக்குத் திறந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 502-இல் ஓடும் மோட்பஸ் என்ற பேச்சு முறைக்குப் பாஸ்வேர்டு என்ற ஒன்றே கிடையாது, போர்ட் திறந்திருந்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் காயிலை (அவுட்புட்டை) ஆன் செய்யலாம். 2023 நவம்பரில் அமெரிக்காவின் அலிகிப்பா என்ற ஊரில் குடிநீர் நிலையத்து பிஎல்சியைக் கைப்பற்றினார்களே, அந்த வகை பிஎல்சிகளில் ஆரம்பப் பாஸ்வேர்டு 1111. இணையத்தில் நேராகத் தெரிந்ததும் அந்தப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதும்தான் வழிவிட்டது. நம் ஊர் ஆர்ஓ பிளான்டை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள், தேடுவது மனிதர் இல்லை, தானாக ஓடும் ஸ்கிரிப்ட்.

சரியான வழி: ரூட்டர் தானே வெளியே வந்து ஒரு பொது இடத்தில் காத்திருக்கும், நீங்களும் அங்கே போய்ச் சந்திப்பீர்கள். அந்தப் பொது இடம் மாதம் 500 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சின்ன கிளவுடு சர்வர். நான் அதில் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டேன், ஓபன்விபிஎன் போட்டாலும் சரிதான். சர்வர், ரூட்டர், லேப்டாப் மூன்றுக்கும் ஆளுக்கொரு சாவி ஜோடி (ஒரு ரகசியச் சாவி, ஒரு பொதுச் சாவி) உருவாக்குங்கள். ரகசியச் சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது.

நான் மாட்டிக்கொண்ட இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

சர்வருக்குள் 51820 யுடிபி போர்ட்டைத் திறந்துவிட்டேன், ஆனால் வாடகை கொடுத்த கம்பெனியின் கன்ட்ரோல் பேனலில் தனியாக ஒரு ஃபயர்வால் இருந்தது. இரண்டு இடத்திலும் திறக்க வேண்டும். இரண்டு நாள்.

சர்வரில் ஐபி ஃபார்வர்டிங் ஆன் செய்யவில்லை. லேப்டாப்பிலிருந்து சர்வர் வரை பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனை) போகிறது, ரூட்டருக்குப் போகவில்லை. ஒரு நாள்.

ரூட்டருக்கான பதிவில் "அனுமதிக்கப்பட்ட ஐபிகள்" என்ற இடத்தில் ரூட்டரின் விபிஎன் முகவரியை மட்டும் போட்டேன், பிஎல்சி இருக்கும் சப்நெட்டை (அந்த லேனின் ஐபி வரிசை) போடவில்லை. சர்வரிலும் போட வேண்டும், லேப்டாப்பிலும் போட வேண்டும். ரூட்டரின் ஃபயர்வாலில் விபிஎன் பக்கத்திலிருந்து லேன் பக்கம் போக அனுமதியும் தனியாகக் கொடுக்க வேண்டும். இதற்கு எத்தனை நாள் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கீப்அலைவ் (இணைப்பு உயிரோடிருக்க அனுப்பும் சின்னப் பொட்டலம்) 25 விநாடி என்று ரூட்டர் பக்கம் போடுங்கள். போடாவிட்டால் சற்று நேரம் சும்மா இருந்ததும் போன் கம்பெனி அந்த வழியை மூடிவிடும். ரூட்டராக எப்போதாவது எதையாவது அனுப்பும்வரை நீங்கள் தட்டிக்கொண்டே இருக்கலாம்.

சர்வரில் கடைசியாக ஒரு கட்டுப்பாடு: உங்கள் லேப்டாப்பிலிருந்து அந்த ஒரு பிஎல்சி, அந்த ஒரு எச்எம்ஐ, தேவையான போர்ட்கள் மட்டும். சீமென்ஸ் என்றால் 102, மோட்பஸ் 502, ஆலன்-பிராட்லி 44818. மற்றதெல்லாம் மூடி.

6. வீட்டு மேசையில் முழுதாக ஓட்டிப் பாருங்கள்

தளத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் ரூட்டர், ஒரு உதிரி பிஎல்சி, 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மூன்றையும் மேசையில் வைத்து இணையுங்கள். லேப்டாப்பை வீட்டு வைஃபையில் போடாமல் போன் ஹாட்ஸ்பாட்டில் போடுங்கள், அப்போதுதான் நிஜமாகவே வெளியிலிருந்து வருகிறீர்கள். இங்கே இரண்டு விஷயம் கட்டாயம் இடிக்கும்.

ஒன்று, சப்நெட் மோதல். டிஐஏ போர்ட்டலில் (சீமென்ஸ் பிஎல்சிக்கான புரோகிராமிங் மென்பொருள்) புதிய பிஎல்சி சேர்த்தால் 192.168.0.1 என்றே வரும். பாதி வீடுகளின் ரூட்டரும் 192.168.0 அல்லது 192.168.1 வரிசைதான். வீட்டிலும் தளத்திலும் ஒரே வரிசை என்றால் லேப்டாப் பிஎல்சியை வீட்டுக்குள்ளேயே தேடும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தனி எண் கொடுங்கள்: முதல் தளம் 192.168.41, அடுத்தது 192.168.42, இப்படி. ஜியோ ஃபைபர்காரர்கள் 29-ஐத் தவிருங்கள், அது அவர்கள் வீட்டு ரூட்டரின் எண். பிஎல்சி ஐபியை மாற்றினால் எச்எம்ஐயிலும் மாற்ற வேண்டும், மறந்தால் திரையில் மதிப்புக்குப் பதில் வெறும் குறிகள்தான் தெரியும்.

இரண்டு, கேட்வே (பதில் வேறு நெட்வொர்க்குக்கு வெளியேறும் வாசல்). இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பிஎல்சியில் கேட்வே முகவரி காலியாக இருந்தால், உங்கள் கேள்வி பிஎல்சிக்குப் போய்ச் சேரும், ஆனால் பதில் திரும்பி வர வழி தெரியாது. ரூட்டருக்குப் பிங் போகும், பிஎல்சிக்குப் போகாது. கேபிளைக் கழற்றி மாட்டுவோம், பிஎல்சியைக் குறை சொல்வோம். தளத்தில் நேரில் லேப்டாப்பை மாட்டி வேலை செய்யும்போது கேட்வே தேவைப்படாது, அதனால்தான் பெரும்பாலான பிஎல்சிகளில் யாருமே அதை நிரப்பியிருக்க மாட்டார்கள். பிஎல்சியில் ரூட்டரின் லேன் ஐபியை கேட்வேயாகப் போடுங்கள். பிஎல்சியைத் தொட அனுமதி இல்லையென்றால் ரூட்டரில் லேன் பக்கம் மாஸ்கரேடு ஆன் செய்யுங்கள், அப்போது ரூட்டரே பக்கத்தில் நின்று கேட்பதாக பிஎல்சி நினைத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. ஆன்லைன் போகிறது, பிங் போகிறது, டவுன்லோடு மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் விபிஎன்னின் எம்டியு (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) அளவை 1300 அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். எனக்கு அதோடு சரியானது.

7. பேனலில் பொருத்துவது

இரும்புப் பேனலுக்குள் ஆன்டெனா வைத்தால் சிக்னல் வராது, வெளியே கொண்டுவாருங்கள். கேபிள் நீளம் 3 மீட்டருக்குள் இருந்தால் நல்லது, நீளமான மெல்லிய கேபிளிலேயே பாதி சிக்னல் செத்துவிடும். வேரியபிள் டிரைவ் கேபிள்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

நம் பக்கம் கடல் காற்று. கடலூர் முதுநகர் துறைமுகம் பக்கம் ஒரு ஐஸ் பிளான்டில் போட்ட ஆன்டெனாவின் எஸ்எம்ஏ கனெக்டர் ஏழு மாதத்தில் பச்சை பிடித்துப்போனது. வெளியே இருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப் சுற்றி, அதன் மேல் சாதாரண டேப் ஒரு சுற்று. கேபிள் கிளாண்ட் பேனலின் அடிப்பக்கம் இருக்கட்டும், மேல்பக்கம் வைத்தால் மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே இறங்கும்.

ரூட்டருக்குப் போகும் 24 வோல்ட்டில் ஒரு சாவி ஸ்விட்ச் வையுங்கள். இது 180 ரூபாய், நான் செய்த செலவிலேயே இதைத்தான் நல்ல செலவு என்பேன். சாவி ஷிப்ட் இன்சார்ஜ் கையில் இருக்கும். அவர் திருப்பினால்தான் ரூட்டர் உயிர் பெறும், வேலை முடிந்ததும் அணைத்துவிடுவார். யாரும் தெரியாமல் உள்ளே வர வழியில்லை, நான் உட்பட. எப்போதும் டேட்டா பார்க்க வேண்டும் என்றால் இது ஒத்துவராது, புரோகிராம் மாற்ற மட்டும்தான் என்றால் இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

லேன் கேபிளை பிஎல்சி இருக்கும் ஸ்விட்சில் மட்டும் மாட்டுங்கள், ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்க்காதீர்கள். சிப்காட்டில் உள்ள ரசாயனத் தொழிற்சாலைகள் மாதிரி இடங்களில் அவர்களுடைய ஐடி, பாதுகாப்புப் பிரிவுகளின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் சிம் உள்ள எதையுமே பேனலில் மாட்டக் கூடாது. வெடிக்கும் வாயு இருக்கும் பகுதியாக அறிவித்த இடத்தில் சாதாரண ரூட்டரை வைக்கவே கூடாது.

8. முதல் தடவை ஆன்லைன் போகும்போது

டிஐஏ போர்ட்டலில் அணுகக்கூடிய கருவிகளைத் தேடும் பட்டன் இருக்கிறதே, அதை அழுத்தினால் ஒன்றும் வராது. பயப்பட வேண்டாம். அந்தத் தேடல் ஒரே லேனுக்குள் மட்டும் ஓடும், இந்த மாதிரி விபிஎன்னைத் தாண்டாது. ஐபியை நேராக அடித்து இணையுங்கள். ஆலன்-பிராட்லிக்காரர்களுக்கும் இதேதான்: ஆர்எஸ்லிங்க்ஸில் (அவர்களுடைய இணைப்பு மென்பொருள்) தானாகத் தேடும் டிரைவரை விட்டுவிட்டு, ஐபி எழுதிக்கொடுக்கும் ஈதர்நெட் டிவைசஸ் டிரைவரைப் போடுங்கள்.

என் லேப்டாப்பில் வயர்கார்டின் அடாப்டரை டிஐஏ போர்ட்டல் பட்டியலில் காட்டவே இல்லை. நான் எடுத்த வழி, வீட்டில் ஒரு சின்ன ரூட்டர் வாங்கி அதில் வயர்கார்டு போட்டு, லேப்டாப்பை அதில் லேன் கேபிளால் மாட்டியது. லேப்டாப்புக்கு அது சாதாரண ஈதர்நெட். இன்னொரு நண்பர் ஓபன்விபிஎன்னின் டேப் (TAP) என்ற மென்பொருள் அடாப்டரை வைத்துச் சமாளிக்கிறார்.

இணைந்ததும் முதல் வேலை, எதையும் மாற்றாமல் பிஎல்சியில் இருப்பதையும் உங்களிடம் இருப்பதையும் ஒப்பிடுவது. வேறுபாடு இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், தளத்தில் யாரோ ஏதோ மாற்றியிருக்கிறார்கள். அப்லோடு எடுத்து, தேதி போட்டுச் சேமித்த பிறகுதான் அடுத்தது.

9. மாற்றும்போது அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்க வேண்டும்

மெஷினைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, எமர்ஜென்சி ஸ்டாப் பக்கத்தில் நின்று, போனில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் இல்லாமல் பிஎல்சியில் எதையும் எழுதாதீர்கள். அவர் பெயர், எண், எத்தனை மணிக்கு அனுமதி தந்தார் என்று எழுதி வையுங்கள். நான் போனில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒரே வரிசை: அண்ணே, மெஷின் நிற்குதா? உள்ளே யாராவது கை வெச்சிருக்காங்களா? பெல்ட் மேல சரக்கு இருக்கா? ஐசோலேட்டர் யார் கிட்ட? நாலுக்கும் பதில் வந்த பிறகுதான் பட்டனை அழுத்துவேன். ஐஸ் பிளான்டில் அம்மோனியா கம்ப்ரசர் பேனலில் நான் தொலைவிலிருந்து எதையும் எழுதுவதே இல்லை. பார்ப்பேன், அவ்வளவுதான்.

எதைத் தொட்டால் பிஎல்சி நிற்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சீமென்ஸ் எஸ்7-1200-ல் லாஜிக் மாற்றத்தை ஓடும்போதே இறக்கலாம், ஆனால் ஹார்டுவேர் அமைப்பில் ஏதாவது மாற்றியிருந்தால் ஸ்டாப் கேட்கும். நான் ஒரு கிளாக் பிட்டை (தானாக ஆன்-ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கும் பிட்) ஆன் செய்தேன், அது ஹார்டுவேர் அமைப்பில் வருகிறது என்று யோசிக்கவில்லை. ஸ்டாப் ஆல் என்று கேட்டது, சரி என்றேன். இறங்கி முடிந்தது, ஸ்டார்ட் ஆல் கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

"சார், பம்ப் நின்னுடுச்சு. மஞ்சள் லைட் எரியுது."

1200-ல் ரன்-ஸ்டாப் சாவி கிடையாது. பவரை அணைத்துப் போடச் சொன்னேன். மறுபடியும் மஞ்சள். ஏனென்றால் அதன் ஸ்டார்ட்-அப் அமைப்பு, மாற்றாமல் விட்டால், "பவர் போவதற்கு முன் எந்த நிலையோ அதே நிலை". ஸ்டாப்பில் அணைந்தது ஸ்டாப்பிலேயே எழும். எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் அப்படித்தான். ராத்திரி ஒன்பதரைக்கு மறுபடியும் அதே அரியாங்குப்பம் பாலம்.

அதனால் மெஷின் தானாகக் கிளம்பினால் ஆபத்தில்லை என்று உறுதியான இடங்களில் மட்டும், அதாவது பவர் வந்த பிறகும் ஸ்டார்ட் பட்டனை ஆள் அழுத்தினால்தான் மோட்டார் ஓடும் என்ற லாஜிக் உள்ள இடங்களில், ஸ்டார்ட்-அப்பை "ரன்" என்று மாற்றி வையுங்கள். அதையும் முதல் தடவை நேரில் போகும்போதே செய்துவிடுங்கள். ஹார்டுவேர் மாற்றம், ஃபர்ம்வேர் ஏற்றம், ஐபி மாற்றம் இந்த மூன்றையும் தொலைவிலிருந்து செய்வதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்து ஐபியை மாற்றுவது உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது.

வாடிக்கையாளரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த மெஷின், யார் யாருக்கு அனுமதி, எந்த நேரத்தில், தளத்தில் யார் பொறுப்பு, மாதச் சேவைக் கட்டணம் எவ்வளவு. கட்டணத்தைப் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். "வீட்ல உக்காந்துதானே பண்ணீங்க" என்று விசிட் சார்ஜில் பேரம் பேசுவார்கள்.

10. ஓட ஆரம்பித்த பிறகு

எப்போதும் ஆனில் இருக்கும் ரூட்டர் என்றால், சர்வருக்குப் பிங் போகவில்லையென்றால் தானே ரீபூட் ஆகும்படி அமையுங்கள், 10 நிமிட இடைவெளியில். எஸ்எம்எஸ் அனுப்பி ரீபூட் செய்யும் வசதியை நம்ப வேண்டாம், டேட்டா மட்டும் உள்ள சிம்களில் எஸ்எம்எஸ் வராமல் போகலாம். வேலையாள் யாராவது விலகினால் அன்றைக்கே அவருடைய விபிஎன் சாவியை சர்வரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது என் இரண்டு தளங்களும் தொடர்பில்லாமல் போயின. ஒன்றில் ரூட்டர் நன்றாக இருந்தது, டவருக்குத்தான் மின்சாரம் இல்லை. இரண்டாவதில் ஆன்டெனாவே தென்னை மட்டையோடு கீழே கிடந்தது. இரண்டு சிம் போடும் ரூட்டர் என்றால் வேறு வேறு கம்பெனியாகப் போடுங்கள், ஆனால் புயலில் இரண்டும் சேர்ந்து போகலாம் என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லிவையுங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள் நேரில் போய் டேப், கிளாண்ட், ஆன்டெனா கிளாம்ப் மூன்றையும் பாருங்கள். உதிரி ஆன்டெனா ஒன்றை பேனலுக்குள்ளேயே கட்டி வைத்துவிட்டு வாருங்கள், ஆபரேட்டரே மாற்றிக்கொள்வார்.